வீட்டுக் கோழிகளை கீரி, மரநாய், பாம்பு, பருந்திடமிருந்து காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கோழி வளர்க்க ஆரம்பிப்பவர்கள் முதல் குஞ்சு பறிபோனதும் ஓடிப்போய் வாங்குவது மேலே கட்டும் வலையைத்தான். பருந்து தூக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள், அதனால் பருந்துதான் எதிரி. ஆனால் ஒரே ராத்திரியில் கூட்டைக் காலி செய்வது பருந்து இல்லை, இருட்டில் வருகிற மரநாயும் தெருநாயும்தான். பருந்து ஒரு முறைக்கு ஒரு குஞ்சோடு போய்விடும்.

அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் ராத்திரிக் கூடு, அடுத்து குஞ்சுகள், அப்புறம்தான் பகல் மேய்ச்சல். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கூட்டுக்குப் போடுங்கள். கீழே உள்ளது பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீட்டுக்கான கணக்கு.

1. வருவது யார் என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் தேவையில்லாததைத்தான் வாங்குவீர்கள். நாய்க்குப் போடும் வேலி பாம்பை நிறுத்தாது, பாம்புக்குப் போடும் சின்னக்கண் வலையை நாய் ஒரே இழுப்பில் பிய்த்துவிடும்.

நாலைந்து கோழி கடிபட்டுச் சிதறிக் கிடந்து, பெரும்பாலும் எதுவும் தின்னப்படாமல் இருந்தால் நாய். அது பசிக்காக மட்டும் அடிப்பதில்லை, கோழி படபடவென்று ஓடும்வரை துரத்திக் கடித்துக்கொண்டே இருக்கும். கழுத்திலும் தலையிலும் கடி, கூரைப் பக்கம் ஒரு சந்து, நேரம் நள்ளிரவு என்றால் மரநாய். அதே கழுத்துக் கடி பட்டப்பகலில், வேலியோரத்தில் என்றால் கீரி. கீரி பகலில் நடமாடும் பிராணி, ராத்திரி காணாமல் போன கோழிக்கு அதன் மேல் பழி போடாதீர்கள். குஞ்சு மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் பூனையோ பெருச்சாளியோ. பெருச்சாளி என்றால் கூட்டு மூலையில் புதுமண் தள்ளிய வளை இருக்கும்.

பாம்பின் அடையாளம் வேறு. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்திருக்கும். சில நேரம் ஒரு குஞ்சு தலை முதல் தோள் வரை எச்சில் பட்டு ஈரமாகச் செத்துக் கிடக்கும், விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டுப் போனது அது. முட்டையில் துளை போட்டு ஓட்டைப் பக்கத்திலேயே போட்டிருந்தால் காகம். இறகு ஒரே இடத்தில் வட்டமாகப் பிய்த்துப் போட்டிருந்தால் வல்லூறு.

எதுவும் புரியவில்லையா, அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் கோழியைத் திறக்கும் முன் பாருங்கள். பூனைத் தடத்தில் நகம் பதியாது, வட்டமாக நாலு விரல் மட்டும் தெரியும். நாய்த் தடத்தில் நகக்குறி முன்னால் புள்ளி புள்ளியாக நிற்கும். மரநாய்க்கு ஐந்து விரல். பாம்பு போயிருந்தால் கோடு இழுத்ததுபோல் தெரியும்.

ஒரு விஷயம்: காயமே இல்லாமல் அடுத்தடுத்து கோழி செத்தால் திருடனைத் தேடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்திருக்கலாம், கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நோயில் செத்ததைப் பெருச்சாளி தின்றிருப்பதைப் பார்த்து, பெருச்சாளிதான் கொன்றது என்று நினைத்துக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் நோய்க்குக் கொடுத்தவர்கள் உண்டு.

2. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஹார்டுவேர் கடையில் போய் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய வலையைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் பல்லால் பற்றி இழுத்தால் நூல் பிரிவதுபோல் பிரியும். நீங்கள் கேட்க வேண்டியது வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்கும் கம்பியைப் பற்றவைத்த வலை, துத்தநாக முலாம் பூசியது. தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை அரை அங்குலக் கண், அதற்கு மேல் ஒரு அங்குலக் கண் போதும். கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிமன் கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். பலர் இருபது என்றால் கெட்டி என்று நினைத்து வாங்கி வருகிறார்கள். நாய்த் தொல்லை உள்ள இடத்தில் ஒரு அங்குலக் கண்ணை 14 அல்லது 16 கேஜில் எடுங்கள். அரை அங்குலக் கண் பெரும்பாலும் மெல்லிய கம்பியில்தான் கிடைக்கும் என்பதால், கீழ்ப்பகுதியில் இரண்டையும் சேர்த்து அடிப்பது நல்லது.

இது தவிர கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயர், வாஷரோடு திருகு, இரண்டு தாழ்ப்பாள், கொஞ்சம் சிமெண்டும் மணலும், தகரத் துண்டுகள், டார்ச். ஆணியை மட்டும் நம்பி மெஷ் அடிக்காதீர்கள், இழுக்க இழுக்க ஆணித்தலை கண்ணுக்குள் நழுவிவிடும். திருகுக்கு அடியில் அகலமான வாஷர் வைத்தால் நகராது.

3. கூட்டுக்கு இடம்

படுத்திருக்கும்போது உங்கள் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதாவது வீட்டுச் சுவரை ஒட்டியோ கொல்லைக் கதவுக்கு நேரிலோ. தோட்டத்துக் கடைசியில் கட்டினால் நாற்றம் வராதுதான், ஆனால் கோழி கத்துவதும் கேட்காது.

விறகு அடுக்கு, செங்கல் குவியல், வைக்கோல் போர், தென்னை மட்டைக் குவியல் இவற்றை ஒட்டிக் கட்டாதீர்கள். எலிக்கும் பாம்புக்கும் வீடு அதுதான். மேலே தொங்கும் மரக்கிளையையும் பாருங்கள், கூரையிலிருந்து ஆறேழு அடிக்குள் கிளை இருந்தால் மரநாய் ஏணி தேட வேண்டியதில்லை. வெட்ட மனமில்லாத மரம் என்றால் கூட்டைத் தள்ளிப் போடுங்கள்.

4. ராத்திரிக் கூடு: தரையிலிருந்து மேல்நோக்கி

தரை. மண்தரை என்றால் பெருச்சாளி அடியில் குடைந்து நடுக்கூட்டில் எழும். இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் போட்டு மேலே உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பிவிட்டால் அந்தத் தலைவலி முடிந்தது. சிமெண்ட் வேண்டாம் என்றால் சுவர் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு மெஷ்ஷைப் படுக்கவைத்து, மேலே மூன்று அங்குலம் மண் மூடி, கல்லை அடுக்குங்கள். தோண்டும் பிராணி சுவர் அடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். காலுக்குக் கீழே கம்பி தட்டினால் பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றாது. நேராக ஒரு அடி ஆழம் புதைப்பதைவிட இந்தப் படுக்கை முறை சுலபம்.

காலில் நிற்கும் கூடு என்றால் இரண்டரை, மூன்று அடி உயரத்தில் வையுங்கள். கால்களில் வழவழப்பான தகரத்தை ஒரு அடி உயரத்துக்குச் சுற்றிவிட்டால் எலி ஏறாது. அடியில் கம்பித்தரை போட்டிருந்தால் கண்ணின் அளவைப் பாருங்கள். பூனையோ மரநாயோ கீழே படுத்துக்கொண்டு கண் வழியாகக் கோழியின் காலைப் பிடித்து இழுக்கும். காலையில் கோழி உயிரோடு, ஆனால் விரல் இல்லாமல் நிற்கும்.

சுவர். கோழி உட்காரும் கம்பு மெஷ் சுவரிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி இருக்கட்டும். மேலே சொன்ன அதே காரணம்தான். சாய்ந்து தூங்கும் கோழியின் தலை கண்ணுக்கு வெளியே நீட்டினால் மரநாய்க்கு உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை. மெஷ்ஷை எப்போதும் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள். வெளியிலிருந்து தள்ளும்போது அது சட்டத்தில் அழுந்தும். உள்ளே அடித்தால் தள்ளத் தள்ளத் திருகு கழன்றுவரும்.

கூரை. பல வீடுகளில் ஓட்டை இங்கேதான். தகரமோ சிமெண்ட் அட்டையோ போட்டால், அதன் அலை வளைவு சுவர் மேல் உட்காரும் இடத்தில் வரிசையாக இரண்டு அங்குலச் சந்துகள் விழும். கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். அந்தச் சந்துகளை சிமெண்ட் கலவையால் அடைக்கலாம். ஆனால் கூட்டுக்குக் காற்றோட்டம் வேறு வழியில்லை என்றால் அரை அங்குல மெஷ்ஷை மடித்துச் செருகித் திருகுங்கள். கீற்றுக் கூரை குளிர்ச்சிதான், எலிக்கும் அது குளிர்ச்சி. கீற்றுக்கு அடியில் ஒரு அடுக்கு மெஷ் கட்டாயம்.

கதவு. ஒரே தாழ்ப்பாளை நடுவில் போடுவதுதான் அதிகம் பார்க்கும் தப்பு. நடுவில் பிடித்த கதவின் கீழ் மூலையை நாய் மூக்கால் நெம்பினால் அது வளைந்து கொடுக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று போடுங்கள். கயிறு கட்டி வைப்பது, கல்லை முட்டுக் கொடுப்பது எல்லாம் ஒரு நாள் சமாளிக்கத்தான். நிலைக்கும் கதவுக்கும் இடையே கீழே விழும் இடைவெளியை ஒரு மரச்சட்டம் வைத்து மூடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சோதனை. இருட்டியபின் டார்ச்சைப் போட்டுக் கூட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே சுற்றி வாருங்கள், மெஷ் இல்லாத இடத்தில் வெளிச்சம் கசிந்தால் அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். மறுநாள் காலை ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குறி போட்ட ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பாருங்கள். பழம் போகும் சந்தில் குட்டிக்கீரி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் போகும் சந்தில் எலியும் பாம்பும் போகும். இரண்டையும் அடைத்த பிறகுதான் கோழியை விட வேண்டும்.

5. அந்தி நேரப் பழக்கம்

நாட்டுக்கோழிக்கு மரத்தில் தூங்குவதுதான் பிடிக்கும். புதுக்கூடு கட்டிவிட்டுத் தானாகப் போகும் என்று காத்திருந்தால் முருங்கைமரத்தில்தான் ஏறி உட்காரும். புதுக்கூட்டில் நாலைந்து நாள் தண்ணீர், தீவனத்தோடு பகலிலும் அடைத்தே வையுங்கள். அப்புறம் திறந்துவிட்டாலும் பொழுது சாயும்போது அங்கேயே வரும். மாலைத் தீவனத்தைக் கூட்டுக்குள் மட்டுமே போட்டால் இந்தப் பழக்கம் கெட்டிப்படும்.

இருட்டும் முன் கதவைச் சாத்துங்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, கம்பில் உட்கார்ந்தபின் பக்கத்தில் உள்ளதைக் கடித்தாலும் ஓடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். சாத்தும்போது எண்ணுங்கள். தலை குறைந்தால் அப்போதே தேடுங்கள், பெரும்பாலும் ஏதாவது புதரில் திருட்டுத்தனமாக அடை உட்கார்ந்திருக்கும் பெட்டையாக இருக்கும். காலையில் விடிந்தும் விடியாமலும் திறந்துவிடாதீர்கள். நன்றாக வெளுத்து, வீட்டு ஆட்கள் வாசலில் நடமாட ஆரம்பித்தபின் திறங்கள். ராத்திரி சுற்றிய நாய்கள் அந்த நேரம்வரை தெருவில்தான் இருக்கும்.

சனி ஞாயிறு ஊருக்குப் போகிறவர்கள் இதற்கு ஆள் சொல்லிவிட்டுப் போங்கள். எவ்வளவு கெட்டியான கூடும் திறந்து கிடந்தால் பயனில்லை.

6. குஞ்சுகள்

முதல் இரண்டு மாதம்தான் கண்டம். காகம், செம்போத்து, பருந்து, பூனை, பெருச்சாளி, சாரைப்பாம்பு என்று எல்லாவற்றுக்கும் அளவான தீனி குஞ்சுதான்.

பகலில் பஞ்சாரத்தில் தாயோடு கவிழ்த்து வைப்பது நல்ல முறை, ஆனால் மூங்கில் பிளாச்சுகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகக் குஞ்சு வெளியே வரும், காகம் அதற்காகவே கூரையில் காத்திருக்கும். சுற்றி ஒரு அடி உயரத்துக்குப் பழைய கொசுவலையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். மேலே ஒரு கல், இல்லாவிட்டால் நாய் தட்டிக் கவிழ்த்துவிடும். வெயில் நகர நகரப் பஞ்சாரத்தையும் நகர்த்த வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், சித்திரை வெயிலில் மூடி வைத்த குஞ்சை எந்தப் பருந்தும் தூக்க வேண்டியதில்லை.

ராத்திரி பஞ்சாரம் வேண்டாம். சாக்கைப் போர்த்தி வாசலில் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கீழே மண், பெருச்சாளி பத்து நிமிடத்தில் உள்ளே வரும். தாயையும் குஞ்சுகளையும் தூக்கிச் சுற்றிலும் அரை அங்குல மெஷ் போட்ட பெட்டிக்கு மாற்றுங்கள், அந்தப் பெட்டி தரையிலிருந்து உயரமாகவோ வீட்டுக்குள்ளோ இருக்கட்டும்.

வெளியே விடும்போது நல்ல தாய்க்கோழியோடு விடுங்கள். சீறிப் பாய்ந்து காகத்தைத் துரத்தும் பெட்டை ஒன்று இருந்தால் அதையே அடுத்த முறையும் அடைக்கு வையுங்கள், குஞ்சை விட்டுவிட்டு ஓடும் பெட்டையின் முட்டையையும் இதன் அடியில் வைக்கலாம். இன்குபேட்டர் குஞ்சுக்கு இந்தக் காவல் கிடையாது. எட்டு வாரம்வரை வலை போட்ட அடைப்பிலேயே வளர்ப்பதுதான் சரி.

7. பகல் மேய்ச்சல்

வானத்திலிருந்து வருவதற்குத் திறந்த வெளி வேண்டும். பருந்து சரிந்து இறங்கி, தூக்கிக்கொண்டு அப்படியே மேலே எழும். நடுவில் செடி இருந்தால் அந்த ஓட்டம் கெடும். அதனால் சுத்தமாகப் பெருக்கி வைத்த வாசலைவிட செம்பருத்தி, கறிவேப்பிலை, மருதாணி என்று பத்தடிக்கு ஒரு புதர் இருக்கும் கொல்லை பாதுகாப்பானது. சேவல் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்ததும் குஞ்செல்லாம் ஓடிப் புகுவதற்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். புதர் வளரும்வரை நாலு கல்லின் மேல் ஒரு பழைய கதவோ கீற்றோ போட்டு வைத்தாலும் ஓடி ஒளியும்.

வல்லூறு இந்தக் கணக்கில் அடங்காது. மரக்கிளையில் மறைந்திருந்து தாழ்வாகப் பறந்து வரும். அதற்கு மேல்வலைதான் பதில். மீன்வலை போதும், ஆனால் தலைக்கு மேல் கைக்கு எட்டும் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். தொங்கினால் மட்டைகளும் இலையும் சேர்ந்து கிழிந்துவிடும். வலையின் ஓரம் தரையைத் தொடவே கூடாது. சாரையோ நல்லபாம்போ அதில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுத்துவிட ஆள் தேட வேண்டும்.

பளபளக்கும் சிடி, காகிதப் பட்டை, சோளக்கொல்லைப் பொம்மை இவையெல்லாம் சில நாளுக்குத்தான். பறவைகள் சீக்கிரம் பழகிவிடும். கரிச்சான் குருவி கூடு கட்டியிருக்கும் மரம் கொல்லையில் இருந்தால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். காகமோ பருந்தோ பக்கத்தில் வந்தால் தன்னைவிடப் பல மடங்கு பெரிது என்று பார்க்காமல் விரட்டும். சம்பளமில்லாக் காவல். கினிக்கோழி இரண்டு வைத்தால் பாம்பையோ அந்நியரையோ பார்த்ததும் ஊரைக் கூட்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

கீரிக்கு வேலியோரத்துச் செத்தையும் புல்லும்தான் மறைவு. வேலியை ஒட்டி நாலடி அகலம் வெறுந்தரையாக வைத்திருங்கள். நடுக்கொல்லையில் புதர், ஓரத்தில் வெட்டவெளி என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

8. எலியும் முட்டையும் தீவனமும்

பாம்பு கோழிக்காக மட்டும் வருவதில்லை, எலிக்காகவும் வருகிறது. எலி தீவனத்துக்காக வருகிறது. மாலையில் மிஞ்சிய தீவனத்தை எடுத்து மூடியுள்ள டப்பாவிலோ தகர டின்னிலோ போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். முட்டையை மத்தியானமும் சாயங்காலமும் எடுத்துவிடுங்கள், ராத்திரி கூட்டில் முட்டை இருக்கக் கூடாது. அடைக்கோழி இருந்தால் அதற்குத் தனி மெஷ் பெட்டி.

பூண்டு நசுக்கித் தெளிப்பது, பினாயில், சிறியாநங்கை நடுவது, ஆகாசகருடன் கிழங்கு கட்டுவது என்று பாம்புக்குப் பல வழி சொல்வார்கள். செய்ய ஆசை என்றால் செய்யுங்கள், ஆனால் அதை நம்பி ஒரு இடுக்கையும் அடைக்காமல் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளில் தண்ணீர் நிறையும்போது காய்ந்த இடம் தேடிப் பாம்பு வரும். மழைக்கு முன்பே ஒரு முறை டார்ச் சோதனை செய்துவிடுங்கள், மெஷ்ஷின் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள். கோழி எச்சமும் ஈரமும் சேர்ந்தால் கம்பி அங்கேதான் முதலில் அரிக்கும்.

ராத்திரி கூட்டுக்குள் கையை விடும் முன் டார்ச் அடியுங்கள். உள்ளே பாம்பு இருந்தால் நீங்கள் பிடிக்கப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள்.

9. செய்யவே கூடாதவை

வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பது. இதில் மனிதனே சாகலாம், வழக்கும் வரும். விஷம் வைப்பது அடுத்தது; அதைத் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் உங்கள் வீட்டு நாயும் சேர்ந்து போகும். கீரி, உடும்பு, மரநாய், நல்லபாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம். சரி, சட்டத்தை விடுங்கள், ஒரு கீரியைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். சந்து அப்படியேதானே இருக்கிறது?

10. ஒரு முறை நடந்துவிட்டால்

வந்தது மறுநாளும் வரும், பெரும்பாலும் அதே நேரத்தில், அதே வழியில். எனவே துக்கம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொண்டு அன்று பொழுது சாய்வதற்குள் வழியை அடையுங்கள். முடியவில்லையா, அந்த ஒரு ராத்திரிக்குக் கோழிகளைக் கூடைகளில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். செத்த கோழியைக் குப்பையில் வீசாமல் இரண்டடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள், வாடைக்கே நாய் வரும். பாம்பு கடித்ததோ என்று சந்தேகமிருந்தால் சமைக்க வேண்டாம்.

கோழியைக் காப்பாற்றப் போய் நாயோ கீரியோ உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போடுங்கள். கீரிக்கடியைச் சாதாரணமாக நினைப்பவர்கள் நிறைய.

காயம்பட்ட கோழியைத் தனியாக, நிழலில் வையுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவை அதையே கொத்தும். உப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சளைப் பூசலாம், ஈ மொய்த்துப் புழு வைக்காமல் தினமும் பாருங்கள், ஆழமான கடி என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறித் தோல் மூடியபின் பகலில் கூட்டத்தில் விடாதீர்கள், புதுக்கோழி என்று நினைத்து அடித்துத் துரத்தும். ராத்திரி எல்லாம் அடங்கியபின் மற்றவற்றோடு கம்பில் ஏற்றி உட்கார வைத்துவிடுங்கள், காலையில் பெரிதாகச் சண்டை இருக்காது.